வேலி வாசலில் ஓர் எண்ணெய்த் துண்டு

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கைகளிலிருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டும் மைதீன் அண்ணன் செருப்பில்லாமல் ஓடிவந்து வாசலில் நின்றார். "டீச்சர், ஒங்க மகள கேட்ல எறக்கிட்டாங்க. தலத்துண்ட புழிஞ்சு பாத்தாங்க, எண்ணெ கொட்டுது. புது தொர ஒருத்தன் வந்து நிக்கிறான், அவன் மொகமே சரியில்ல. நீங்க சட்டுனு வாங்க" என்றார். அந்தத் துண்டில் எண்ணெயை ஊற்றியவள் நான். மடித்து, மகளின் கொண்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டி அனுப்பியவளும் நான்தான்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த வாசலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருப்பது மலாய் நாட்டில், கெடா மாநிலத்தில் சிடாம் கிரிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். இது அவசரகாலம். சர்க்காரை எதிர்த்துக் காட்டில் ஆயுதத்தோடு இருப்பவர்களுக்குத் தோட்டத்திலிருந்து சோறு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு ஒரே வாசல். அரிசி, சர்க்கரை, உப்பு, எண்ணெய், தகரத்தில் அடைத்த மீன் எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறுங்கையோடும் வெறும் வயிற்றோடும் போகிறார்கள். ஆண்களை ஆண் காவலர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்கென்று ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய விரல்கள் இடுப்பு மடிப்பையும் கொண்டையையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் சங்கிலி விலகும். வீட்டைவிட்டு வெளியே போவதற்கு முன் தலையை இன்னொருத்தியின் கையில் கொடுக்க வேண்டிய நாட்டில் நாங்கள் வாழ்கிறோம். முதலில் கூசியது. இப்போது கதவைச் சாத்துவது போல அதுவும் ஒரு காரியம்.

எங்கள் வாசலில் அந்த வேலையைச் செய்பவள் ரொக்கியா. பக்கத்துக் கம்பத்தை, அதாவது மலாய்க் கிராமத்தைச் சேர்ந்தவள், என் வயதுதான் இருக்கும். எல்லோரும் 'கக்' என்று சேர்த்து, அக்கா என்கிற மரியாதையில் கூப்பிடுவோம். நான்கைந்து தமிழ்ச் சொற்கள் வைத்திருக்கிறாள். அவற்றை வைத்தே முழு வாக்கியங்களையும் சமாளித்துவிடுவாள். என் மகள் லலிதாவின் தலையைத் தொடும் ஒவ்வொரு முறையும் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, "இன்னிக்கு என் புருஷன் என்ன கேட்பான் தெரியுமா? எந்தத் தமிழன் கடையில சோறு தின்ன, கேட்பான்" என்று சிரிப்பாள். பிறகு அந்தக் கையைத் தன் தலையிலேயே துடைத்துக்கொள்வாள். அவள் வீட்டிலும் தேங்காயெண்ணெய்தான்.

ஒரு தோட்டத்துப் பிள்ளை எண்ணெய்த் தலையோடு ஏன் வாராவாரம் வெளியே போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். லலிதாவுக்கு ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, இடது காலில் இருந்த பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. போன வருஷம் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் இல்லை, நீந்த வையுங்கள் என்றார். எங்கே நீந்த வைப்பது? ஆற்றோரம் முழுவதும் ஊரடங்குப் பகுதி. குருண் போகும் சாலையில் துரைமார் கிளப்பில் ஒரு நீச்சல் குளம் உண்டு; அதில் எங்கள் நிறத்தவர் யாரும் இறங்கியதில்லை. எங்கள் தோட்டத்துத் துரையின் மனைவி லயத்துக் குழந்தைகளுக்குப் பால்மாவு கொடுக்க வரும்போது நான்தான் மொழிபெயர்ப்பேன். வெட்கத்தை ஒதுக்கிவிட்டு அவரிடம் கேட்டேன். அவர் கிளப்பில் யார் யாரிடம் சண்டை போட்டாரோ தெரியாது, அனுமதி வாங்கிவந்தார். ஒரு நிபந்தனை. துரைமார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் சனிக்கிழமைப் பிற்பகலிலும் புதன்கிழமையிலும் மட்டும், அதுவும் குளத்துத் தண்ணீரை மாற்றுவதற்கு முந்திய நேரத்தில்.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. பழைய தண்ணீர் என்றால் மருந்துத் தூள் அதிகம். தண்ணீர் கலங்கக் கலங்கக் கிளப்புக் காவல்காரர் வாளி வாளியாகக் குளோரினைக் கொட்டுவார். அந்த வாசனையை நான் அறிவேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் என் சிறு வயதில் வாந்திபேதி வந்த தெருவில் கிணற்றுக்குக் கிணறு பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டு போவார்கள். அந்த வாசனை வந்தால் யார் வீட்டில் சாவு என்று அம்மா வாசலுக்கு வந்து எட்டிப்பார்ப்பாள். இங்கே அதே வாசனையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். முதல் நாள் லலிதாவைக் குளத்தில் இறக்கியபோது அந்த வாசனைக்குச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவளோ தண்ணீருக்குள் போனதும் இடது காலை அசைத்துக் காட்டி, "அம்மா, இங்க கால் கனமே இல்ல" என்றாள். அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கால் தேறத் தொடங்கியது, முடி கெட்டது. நெற்றியோரம் செம்பட்டையாகி, நுனி வைக்கோலாகி, சீப்பை வைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "வெள்ளக்காரி" என்று கூப்பிட, இவள் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தாள். துரையின் மனைவி ஒரு ரப்பர் தொப்பி கொடுத்தார். அது காதளவு வெட்டிய கூந்தலுக்குச் செய்த தொப்பி. லலிதாவின் பின்னலில் பாதியைக்கூட விழுங்கவில்லை. அவர் என் தோளைத் தொட்டு, தொப்பியை மாற்ற முடியாது, முடியை மாற்றலாமே என்று விரல்களைக் கத்தரி போல ஆட்டிக் காட்டினார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் பெண்கள் முடியை வெட்டுவது எந்தெந்த நேரத்தில் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? "நீண்ட முடி, நல்ல முடி" என்று மட்டும் சொன்னேன். நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்து அவரும் தலையாட்டினார்.

முடி விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிள்ளைகளை நீந்த அனுப்பும் தாய்மார் இங்கே இன்னும் சிலர் உருவாகியிருக்கிறார்கள், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முடியும் துணி மாதிரிதான், காய்ந்திருந்தால் முதலில் கிடைக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் குளத்தில் இறங்குவதற்கு முன் குழாயில் நல்ல தண்ணீரை விட்டு நனைத்துவிட வேண்டும். வயிறு நிறைந்த முடி மருந்துத் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. ஈர முடியின் மேலேயே தேங்காயெண்ணெயை நுனியிலிருந்து மேல் நோக்கித் தடவி, இறுக்கிப் பின்னி, சுருட்டிக் கட்ட வேண்டும். விரித்த முடியோடு நீந்தினால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகக் கெடும். கரையேறியவுடன், உடம்பு காய்வதற்குள் மறுபடி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அன்றைக்குச் சீயக்காய் வேண்டாம், அது மிச்ச எண்ணெயையும் பிடுங்கிவிடும். வேலியோரம் மண்டிக்கிடக்கும் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பு போதும். வெயிலில் விரித்துக் காயவைப்பதும் இங்கே கூடாது. ஊரில் ஆற்றங்கரை வெயிலில்தான் எங்கள் முடி காய்ந்தது. அந்த முடியில் மருந்து இல்லை. மருந்து ஏறிய முடியை இந்த நாட்டுப் பகல் வெயிலில் காட்டினால் இரும்பு துருப்பிடிப்பது போல நிறம் மாறிவிடும். நிழலில், காற்றில், அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து.

இப்படிச் செய்து மூன்றே வாரத்தில் முடி உதிர்வது நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கெடுபிடி அதிகமாயிற்று.

சின்னப் புட்டி எண்ணெயைக் கொண்டுபோக முடியாமல் போனது. வீட்டிலேயே தடவி அனுப்பினேன். கிளப்புக்கு மைதீன் அண்ணன் லாரியின் திறந்த பின்புறத்தில்தான் பயணம். போய்ச்சேருவதற்குள் எண்ணெய் வழிந்து சட்டையில் பாதி, செம்மண் தூசி ஒட்டித் தலையில் மீதி. ரொக்கியா கை வைத்தாலே இன்னும் கொஞ்சம் போய்விடும். என்னதான் வழி என்று யோசித்து, ஒரு பழைய பருத்தித் துண்டை எண்ணெயில் ஊறவைத்தேன். கொண்டையைச் சுற்றி அதைக் கட்டினால் வழியெல்லாம் முடி எண்ணெய் குடித்துக்கொண்டே போகும், வெயிலும் படாது. கட்டி முடித்ததும் கண்ணாடியில் பார்த்து, இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். லலிதா மட்டும், "அம்மா, காதுக்குள்ள வடியுது. நான் என்ன பஜ்ஜியா?" என்றாள். "பேசாம போடி, ஒரு மணி நேரத்துல ஊறிடும்" என்றேன்.

ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. சில வாரங்களுக்கு முன் எங்கள் லயத்தில் பால் வெட்டும் ஒருவரின் சட்டையை வாசலில் பிடித்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த சட்டை. காட்டுக்குள் அதை வேகவைத்தால் உப்பு கிடைக்குமாம். அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு கப்பலேற்றிவிட்டதாகக் கேள்வி. அவர் மனைவியும் பிள்ளைகளும் ஒரு மூட்டையோடு போனார்கள். அவர்கள் வீட்டுக் கதவில் இன்னும் பூட்டு தொங்குகிறது. துணியில் ஊறவைத்து எடுத்துப்போவது என்பது இந்த வாசலுக்கு நன்றாகத் தெரிந்த தந்திரம். தோட்டம் முழுக்க அறிந்த அந்தச் செய்தியும் என் துண்டும் ஒரே காரியம் என்பது எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

நான் வாசலுக்குப் போனபோது லலிதா காவல் கொட்டகை பெஞ்சில் அவிழ்ந்த பின்னலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முன் ஒரு பீங்கான் கோப்பையில் பிழிந்த எண்ணெய். ரொக்கியா இல்லை, கம்பத்தில் கல்யாண விருந்துக்குச் சமைக்கப் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாகப் பட்டணத்திலிருந்து வந்த பெண் யார் முகத்தையும் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மைதீன் அண்ணன் சொன்ன புது அதிகாரி ஒரு வெள்ளைக்கார இளைஞன், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"இது எதற்கு?"

"முடிக்கு, ஐயா. குளத்துத் தண்ணீரில் குளோரின் அதிகம். அதற்காக."

"எந்தக் குளம்?"

"துரைமார் கிளப்பு நீச்சல் குளம்."

அவன் பக்கத்திலிருந்த காவலரைப் பார்த்தான். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். நான் அந்த ஒரு பதிலில்தான் முழுப் பொய்க்காரி ஆனேன். கிளப்பில் உறுப்பினராவதற்கு அவன் பெயரே இன்னும் பரிசீலனையில் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். "துரையின் மனைவியைக் கேளுங்கள்" என்றேன். அவர் பினாங்குக்குப் போயிருந்தார், துரையும் கூடவே. கிளப்புக்குத் தொலைபேசி மணி அடித்துக்கொண்டேயிருந்தது. எல்லோரும் தூங்கும் நேரம். என் கணவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, அன்று வேலையாக ஜித்ராவுக்குப் போனவர் இரவுதான் திரும்புவார். ஆறு மணிக்கு வாசல் பூட்டும்போது தீர்மானம் ஆகாவிட்டால் பிள்ளையைப் பட்டணத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றான். நானும் வருகிறேன் என்றேன். அதைத் தானே தீர்மானிப்பதாகச் சொன்னான்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டான் அடுத்து.

இந்தக் கேள்விக்கு என் வாய் என்னைக் கேட்டுப் பதில் சொல்வதில்லை. சந்தையில், ரயிலில், கோயிலில் எந்தத் தமிழர் கேட்டாலும் சொல்வதைத்தான் சொன்னேன். "இந்தியா. தஞ்சாவூர் ஜில்லா."

"மகளும்?"

"ஆமாம்" என்றேன். லலிதா பிறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், மழை நாளில், மருந்து கட்டும் டிரெசர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனாலும் அவளுக்கு ஊர் என்றால் என் ஊர்தானே என்று நாக்கு முந்திக்கொண்டது.

"அப்படியானால் உங்கள் இருவரையும் அங்கேயே அனுப்பிவைக்கலாம்" என்றான். கோபமே இல்லாமல், ரயில் நேரம் சொல்பவன் போலச் சொன்னான். நான் திருத்திச் சொல்ல முயன்றேன். மாற்றிப் பேசுகிறாள் என்பது போலக் கையைக் காட்டி நிறுத்தினான்.

லலிதாவுக்கு அவன் பேசியதில் பாதி புரிந்திருக்கிறது. என் சேலையை இழுத்து மெதுவாக, "அம்மா, அங்க நீச்சல் கொளம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆறு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஆற்றில் நான் எத்தனை வயதுவரை நீந்தினேன் என்பது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேல் எங்கள் தெருப் பெண்கள் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். லலிதாவுக்கு இப்போது பன்னிரண்டு. இந்த வருஷம்தான் அவள் பள்ளிக்கூடப் படியைச் சுவரைப் பிடிக்காமல் ஏறினாள். அங்கே போனால் அந்தக் கால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. கப்பலும் மூட்டையும் பூட்டிய கதவும் அப்போதுகூட இரண்டாம் பட்சம். அந்தக் காலைத்தான் நினைத்தேன்.

மைதீன் அண்ணன் வாசலுக்கு வெளியே லாரியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கம்பியருகே வந்து, "டீச்சர், நீங்க அழுதீங்கன்னா அவன் நெசம்னு எழுதிக்குவான். நிமுந்து நில்லுங்க. வாரா வாரம் இந்தத் தலைய தொட்டது யாரு? கக் ரொக்கியாதானே? நான் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

"கல்யாண வீட்ல சமைச்சுக்கிட்டு இருக்காங்க, அண்ணே. எப்படி வருவாங்க?"

"ரெண்டாங்கெட்டான் கேள்வி கேக்காதீங்க லா. கொழம்ப எறக்கி வெச்சுட்டு வரச் சொல்றேன்."

அவர் போனார். நான் பெஞ்சில் லலிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்த முடியைப் பின்னத் தொடங்கினேன். அதிகாரி மறுபடி கிளப்புக்குத் தொலைபேசியைச் சுழற்றினான். ஜெராய் மலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பெயர் கூப்பிடும் மாலைப் பெரட்டுக்கு ஆட்கள் திரும்பினார்கள். சட்டையை உதறிக் காட்டி உள்ளே வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த உப்புச் சட்டைக்காரரின் மனைவியை அப்படித்தான் கடந்து போனேன்.

இதை எழுதும் இன்றும் வாசல் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டால் லலிதா எங்கே என்று திரும்பிப் பார்க்கிறேன். ஆனாலும் எழுதும் கையில் தயக்கம் இல்லை. ஜன்னலோரம் லலிதா முடியை நிழலில் உலர்த்திக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமையும் போனாள், நாளையும் போவாள். இப்போது எண்ணெய்ப் புட்டி கிளப்பிலேயே, குழாய்க்கு மேல் ஒரு சுவர்மாடத்தில் இருக்கிறது. பினாங்கிலிருந்து திரும்பிய துரையின் மனைவிதான் வைத்தார். குளத்து மருந்தில் தன் பொன்னிற முடி பாசி நிறமாகிவிட்டதென்று அவரும் அதிலிருந்து எடுத்துத் தடவிக்கொள்கிறார். தொப்பியை எங்களிடம் திரும்பக் கேட்கவில்லை. அதில் நாங்கள் செம்பருத்தி இலை ஊறவைக்கிறோம்.

அன்று வாசல் பூட்டுவதற்குச் சற்று முன் லாரி வந்தது. ரொக்கியா முன்னிருக்கையிலிருந்து குதித்தாள். விருந்துக்கு உடுத்திய பட்டுச் சட்டை, விரலெல்லாம் மஞ்சள். அதிகாரியிடம் போகாமல் நேரே பெஞ்சுக்கு வந்தாள். "வா பொண்ணு" என்று லலிதாவை எழுப்பி நிறுத்தி, எப்போதும் போலவே இரண்டு கையாலும் தலையைத் தொட்டாள். உச்சி, காதோரம், கழுத்து, பின்னலின் நுனி. பிறகு நெற்றியோரத்துச் செம்பட்டை இழைகளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதிகாரியைக் கூப்பிட்டு, முகர்ந்து பாருங்கள் என்று சைகை காட்டினாள். அவன் தயங்கிக் குனிந்தான். எத்தனை எண்ணெய் தடவினாலும் அடியில் அந்த மருந்து வாசனை போவதில்லை; உறுப்பினராகக் காத்துக் கிளப்பு வாசலில் நின்றவனுக்கு அது தெரியாமல் இருக்காது. நிமிர்ந்தபோது அவன் மூக்கைவிடக் காது சிவந்திருந்தது.

"இது எண்ணெய் கடத்தல் இல்லை, சரி" என்றான் அவன், மலாயில், தட்டுத்தடுமாறி. "ஆனால் இவள் இந்த ஊர் இல்லை என்று தாயே சொல்கிறாள்."

ரொக்கியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுகிற பார்வை. கோப்பையிலிருந்த எண்ணெயில் விரலைத் தோய்த்து, லலிதாவின் பின்னல் நுனியில் தடவிக்கொண்டே மலாயில் சொன்னாள்:

"அவ சொல்றத விடுங்க, துவான். இவ இந்த ஊருப் பொண்ணு. முடி மட்டுந்தான் அந்த ஊரு."